பால் குடிக்கும்போது வியர்த்தால் சும்மா விடாதீர்கள்: என் மகனின் இதய ரத்தக்குழாய் கதை

பால் குடிக்கும்போது பிள்ளைக்கு நெற்றி வியர்க்கிறதா என்று முதல் மூன்று மாதத்தில் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஆமாம், தலைக்கு அடியில் போடும் பருத்தித் துணி நனைந்துபோகிற அளவுக்கு வியர்க்கிறது என்று சொல்லியிருப்பேன். அந்த ஒரு கேள்வி வந்திருந்தால் எங்களுக்குப் பல வாரமும் முக்கால் லட்சத்துக்குப் பக்கமான பணமும் மிச்சமாகியிருக்கும். அதைவிட, என் மகனின் இதயம் அவ்வளவு தூரம் வீங்கியிருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், வீட்டில் யாருக்காவது பிரசவம் ஆகியிருக்கிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

எங்களுக்குத் தேனி மாவட்டத்தில் போடி என்ற ஊர். வீட்டுக்காரர் ஏலக்காய் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். மகனுக்கு இப்போது மூன்று வயது, கைக்குழந்தையாக இருக்கும்போதே இதய ஆபரேஷன் நடந்தது. அவனுக்கு இருந்த குறைக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் அல்கேப்பா. இதயம் உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புகிறது, ஆனால் அதன் சொந்தத் தசைக்கு ரத்தம் கொடுக்க இடது, வலது என்று தனியாக இரண்டு குழாய்கள் இருக்கின்றன. அவைதான் கரோனரி. இரண்டுமே நல்ல ரத்தம் ஓடும் மகாதமனியிலிருந்து கிளம்ப வேண்டும். என் மகனுக்கு இடது கரோனரி மட்டும், அசுத்த ரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுபோகும் தமனியிலிருந்து கிளம்பியிருந்தது. ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி வருகிறதாம். வைத்தியம் பார்க்காமல் விட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் முதல் பிறந்தநாளைத் தாண்டுவதில்லை. சரியான நேரத்தில் கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்து நன்றாக வளர்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது, யாராவது ஒருவர் சரியாகப் பார்ப்பது மட்டும்தான்.

கர்ப்ப காலத்தில் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயத்தின் நான்கு அறைகளும் நன்றாக இருக்கின்றன என்று எழுதிக் கொடுத்தார்கள். அது பொய்யான ரிப்போர்ட் இல்லை என்று எனக்கு ரொம்பப் பிறகுதான் புரிந்தது. அந்த ஸ்கேனில் அறைகளையும், இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களையும் பார்ப்பார்கள். கரோனரி அந்த வயதில் நூலை விட மெல்லியது, வழக்கமான ஸ்கேனில் அதன் வாய் எங்கே திறக்கிறது என்று தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை, அதனால் நுரையீரல் தமனியிலும் மகாதமனியிலும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ரத்தத்தில் ஆக்சிஜனும் பெரிய வித்தியாசம் இல்லை. குழாய் எதில் மாட்டியிருந்தாலும் தசைக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. அதனால் இதயம் துடிக்கிற விதத்தில்கூட எதுவும் தெரியாது. ‘ஸ்கேனில் எல்லாம் நார்மல்தானே’ என்று யார் சொன்னாலும், அந்த ஒரு காரணத்துக்காக உங்கள் சந்தேகத்தைக் கைவிடாதீர்கள்.

பிறக்கும்போது எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முதல் மாதம் நன்றாகத்தான் குடித்தான். ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்ட சமயத்தில்தான் மாற்றம் தெரிந்தது. பசியோடு ஆவலாக வாய் வைப்பான், இரண்டு நிமிடம் உறிஞ்சுவான், அப்புறம் சட்டென்று விட்டுவிட்டு முதுகை வில்லாக வளைத்து வீறிடுவான். முகம் வெளிறிப்போகும், மேலுதட்டிலும் நெற்றியிலும் முத்து முத்தாக வியர்வை நிற்கும், கை கால் சில்லிட்டுப் போகும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கித் தூங்கிவிடுவான். அரை மணி நேரத்தில் மறுபடி பசி, மறுபடி அதே கதை. அத்தை பார்த்துவிட்டு, “ஆத்தா, பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கு” என்று சொல்லிப் பக்கத்துத் தெருப் பாட்டியைக் கூட்டிவந்து, சேலையில் போட்டு உருட்டி எடுத்தார். வசம்பு சுட்டுப் போட்டார். அத்தை மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நாலு பிள்ளை வளர்த்தவர், அவருக்குத் தெரிந்ததை ஆசையோடு செய்தார்.

டாக்டரிடமும் போகாமல் இல்லை. முதலில் பார்த்தவர் வயிற்றில் காற்று என்று சொட்டு மருந்து எழுதினார். அடுத்தவர், தாய்ப்பால் போதவில்லை, பவுடர் பால் சேர்த்துக் கொடுங்கள் என்றார். அன்று வீட்டுக்கு வந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். எனக்குப் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைகிறது, பிள்ளை குடிக்க முடியாமல் கிடக்கிறான், இதில் பால் போதவில்லை என்றால் மனசு என்ன பாடுபடும். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். காற்றினால் அழும் குழந்தை பெரும்பாலும் குடித்து முடித்த பிறகோ, சாயங்கால நேரத்திலோ அழும், ஆனால் எடை ஏறிக்கொண்டே இருக்கும். குடிக்கும்போதே அழுது, வியர்த்து, வெளிறி, எடையும் ஏறாவிட்டால் அது வேறு விஷயம். முதல் மூன்று மாதம் குழந்தை ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும், அதாவது மாதத்துக்கு முக்கால் கிலோவுக்கு மேல். தடுப்பூசி அட்டையில் நர்ஸ் எடை குறித்துக் கொடுப்பார், அதை அடுத்த முறை எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் மகனின் அட்டையில் இரண்டு எடைக்கும் நடுவில் வித்தியாசமே இல்லாத மாதிரி இருந்தது. அட்டை எல்லோர் கையிலும் போய் வந்தது, அந்த இரண்டு எண்ணைச் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. குழந்தை பால் குடிக்கும் ஒரு நிமிடத்தை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும், நீங்கள் வாயால் சொல்வது எடுபடாது.

மூன்றாம் மாதம் இருமலும் வேகமூச்சும் சேர்ந்துகொண்டது. சளி என்று தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, புகை வைத்து, ஊசி போட்டு, கொஞ்சம் தேறினான் என்று அனுப்பினார்கள், ஒரே வாரத்தில் திரும்ப அதே நிலை. அந்த இரண்டு அட்மிஷனுக்கும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல் ஆனது. காய்ச்சல் ஒரு நாளும் இருக்கவில்லை, மூச்சு மட்டும் வேகம். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60க்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50க்கு மேல் போனால் அது வேகமூச்சு, உடனே காட்ட வேண்டும். சளி வைத்தியம் செய்தும் குறையாமல் இருந்தால், காய்ச்சலும் இல்லாவிட்டால், இதயத்தைப் பாருங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டாவது முறை சேர்த்தபோது இரவு டூட்டியில் இருந்த ஒரு சின்ன வயது டாக்டர், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “அம்மா, நெஞ்சுக்கூட்டில் பாதிக்கு மேல் இதயமே இருக்கே, எக்கோ எடுத்திருக்கா?” என்று கேட்டார். அவர் யார், எந்த ஊர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, நன்றாக இருக்க வேண்டும்.

மதுரையில் எக்கோ, அதாவது இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுத்தோம். இதயம் பெரிதாகிவிட்டது, பம்பிங், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு, இருபது சதவீதம்தான் இருக்கிறது என்றார்கள். சாதாரணமாக ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும். இதயத் தசையே பலவீனமான நோய், மருந்து கொடுத்துப் பார்க்கலாம், தேறாவிட்டால் மாற்று இதயம்தான் என்றார்கள். மரபணு சோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பினோம், அதற்கே இருபத்தைந்தாயிரம். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த முடிவோடு நாங்கள் நின்றிருந்தால் இன்று பிள்ளை இல்லை. என் தம்பி பிடிவாதமாக, சென்னையில் குழந்தைகளுக்கு மட்டும் இதய வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று டிக்கெட் போட்டுவிட்டான். அந்த டாக்டர் எங்கள் எக்கோ ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு முதலில் கேட்டது ஈசிஜி எங்கே என்பதைத்தான். அதுவரை அவனுக்கு யாருமே ஈசிஜி எடுக்கவில்லை. சில நூறு ரூபாய் செலவாகும் சோதனை. அந்தத் தாளில் ஒன்று, ஏவிஎல் என்று குறித்திருந்த இடங்களில் கோடு ஆழமாகக் கீழே இறங்கியிருந்ததை விரல் வைத்துக் காட்டினார். மாரடைப்பு வந்த பெரியவர்களுக்கு வருகிற மாதிரியான கோடு, நாலாம் மாதத்தைத் தொடாத குழந்தைக்கு. உடனே அவரே எக்கோ வைத்து, கலர் போட்டு, இடது கரோனரியில் ரத்தம் தலைகீழாக ஓடுவதைத் திரையில் காட்டினார். மறுநாள் சிடி ஸ்கேனில் உறுதியானது. 1933லேயே பாஸ்டனில் பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் என்று மூன்று டாக்டர்கள் இதே குறையுள்ள கைக்குழந்தை ஒன்றைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள், அந்தக் குழந்தைக்கும் பால் குடிக்கும் சிரமத்தில்தான் அந்த வேதனை வந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் பதறியது. இத்தனை வருடமாகத் தெரிந்த அறிகுறி, எங்கள் வீட்டில் வாரக்கணக்காகக் கண்முன்னால் நடந்திருக்கிறது.

ஏன் ஒன்றரை மாதத்தில் ஆரம்பித்தது என்று கேட்டேன். பிறந்து மூச்சு விட ஆரம்பித்ததும் நுரையீரல் தமனியின் அழுத்தம் சில வாரங்களில் மெல்ல மெல்ல இறங்கிவிடும். மேட்டுத் தொட்டியில் மாட்ட வேண்டிய குழாயைப் பள்ளத்துத் தொட்டியில் மாட்டினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். தண்ணீர் வராதது மட்டும் இல்லை, இன்னொரு குழாய் வழியாக வருகிற தண்ணீரும் இதன் வழியாகக் கீழே வடிந்துவிடும். வலது கரோனரியிலிருந்து சின்னச் சின்னக் கிளைகள் இடது பக்கத்துக்கு உதவி செய்ய வருகின்றன, அந்த ரத்தமும் தசைக்குப் போகாமல் நுரையீரல் தமனிக்குள் போய்விடுகிறது. கைக்குழந்தைக்கு இருக்கிற பெரிய உழைப்பே பால் குடிப்பதுதான். உறிஞ்ச உறிஞ்ச இதயம் அதிக ரத்தம் கேட்கிறது, கிடைப்பதில்லை, நெஞ்சு வலிக்கிறது. நான் பால் கொடுத்த ஒவ்வொரு முறையும் அவனுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது.

ஊரில் பேச்சு வேறு மாதிரி வந்தது. கிரகணத்தில் வெளியே போனாளா, பப்பாளி தின்றாளா, சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று ஆளுக்கொன்று. டாக்டரிடம் இதை நேராகவே கேட்டேன். கரு உருவாகி மூன்று வாரத்தில் இதயம் துடிக்க ஆரம்பிக்கிறது. முதலில் பெரிய குழாய் ஒன்றுதான், அது நடுவில் சுவர் எழும்பி மகாதமனி, நுரையீரல் தமனி என்று இரண்டாகப் பிரிகிறது. கரோனரி முதலில் இதயத்தின் மேல்பரப்பில் ஒரு வலைபோல உருவாகி, அதன் நுனிகள் மகாதமனியின் சுவருக்குள் நுழைந்து இணைகின்றன. இதெல்லாம் இரண்டாம் மாதத்தை ஒட்டி நடந்து முடிந்துவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருப்பதே உறுதியாகியிருக்கும். என் மகனுக்கு ஒரு நுனி பக்கத்துக் குழாயில் போய் இணைந்துவிட்டது. நான் சாப்பிட்டதோ நடந்ததோ காரணம் இல்லை, பெரும்பாலும் இது குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் இல்லை என்று அவர் என் வீட்டுக்காரரையும் அத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். இந்த மாதிரி நிலையில் இருப்பவர்கள், வீட்டுப் பெரியவர்களையும் டாக்டர் அறைக்குள் கூட்டிப்போங்கள். நாம் வீட்டில் வந்து சொல்வதை விட அவர்கள் காதால் கேட்பது பத்து மடங்கு நல்லது. அதற்குப் பிறகு அத்தை ஒருவரையும் பேச விடவில்லை.

பணத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு நாலு லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருட வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை இடம் உண்டு, ஆனால் எங்களிடம் அட்டை இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்கு வீட்டுக்காரர் ஓடினார், நான் பிள்ளையோடு சென்னையில். மகன் பெயர் ரேஷன் கார்டில் ஏறவில்லை, பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்ததால் வேலை நடந்தது. பிரசவம் ஆன கையோடு பிறப்புச் சான்றிதழை வாங்கிவிடுங்கள், வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போதே காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள். மாவட்ட மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் பிறவிக் குறைகளுக்கென்று ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, அங்கிருந்தும் மேல்சிகிச்சைக்கு வழி செய்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வழி தெரியாவிட்டால் 104க்கு போன் செய்து கேட்கலாம். திட்டத்தில் பெரும்பகுதி கழிந்தும் தங்குவது, சாப்பாடு, வெளியே வாங்கிய மருந்து என்று எண்பதாயிரம் போல ஆனது. என் வளையலும் அம்மாவின் சங்கிலியும் அடகுக்குப் போயின, மீட்க இரண்டு வருடம் ஆனது. ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்று முன்பே சொல்வார்கள், சொந்தக்காரர்களில் யாருக்கு என்ன குரூப் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் அலையக் கூடாது.

ஆபரேஷனில் அந்த இடது குழாயை நுரையீரல் தமனியிலிருந்து வெட்டி எடுத்து, அது இருக்க வேண்டிய மகாதமனியிலேயே தைத்துவிடுகிறார்கள். அதுவரை செயற்கை இதய நுரையீரல் எந்திரத்தில் ரத்தம் ஓடும். காலையில் உள்ளே போனவனை சாயங்காலம்தான் காட்டினார்கள். மார்பை உடனே தைத்து மூடவில்லை, இதயம் வீங்கியிருக்கும், இரண்டொரு நாள் போகட்டும் என்றார்கள். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நான் ஐசியூ வாசலில் அப்படி மயங்கி உட்கார்ந்திருக்க மாட்டேன். எல்லாக் குழந்தைக்கும் இப்படிச் செய்வதில்லை, ஆனால் செய்யலாம் என்று தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். அந்த நாட்களில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சி நர்ஸிடம் கொடுத்துவிடுவேன், மூக்கில் குழாய் வழியாக அதைத்தான் கொடுத்தார்கள். பால் வற்றவிடாதீர்கள், பிள்ளை திரும்பி வந்ததும் அதுதான் வேண்டும்.

வார்டுக்கு வந்து மறுபடி வாய் வைத்தபோது முதலில் களைத்துப்போனான், பழைய பயம் எனக்குத் திரும்பவும் பிடித்துக்கொண்டது. ஆனால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது பம்பிங் முப்பதுதான், ஒரே நாளில் சரியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரத்தம் இல்லாமல் சோர்ந்து தூங்கிப்போன தசை, ரத்தம் வந்ததும் மாதக்கணக்கில் மெல்ல விழிக்கும். அரை வருடத்தில் ஐம்பது, முதல் பிறந்தநாளுக்குப் பிறகு எடுத்ததில் அறுபது. வால்வு ஒன்றில் இருந்த கசிவும் தனியாகத் தொடாமலேயே குறைந்துவிட்டது. சில மாதம் நீர் பிரியும் மருந்தும், சின்ன அளவில் ஆஸ்பிரினும் கொடுத்தோம். ஆஸ்பிரின் கொடுக்கும் காலத்தில் அம்மையோ ஃபுளூ காய்ச்சலோ வந்தால் டாக்டரைக் கேட்காமல் அடுத்த வேளை கொடுக்கக் கூடாது, தடுப்பூசி போடும் இடத்திலும் இந்த மருந்தைச் சொல்லிவிட வேண்டும். மரபணு சோதனை முடிவு ஆபரேஷன் முடிந்த பிறகு வந்தது, அதில் ஒன்றும் இல்லை. குழந்தைக்கு இதயத் தசை நோய் என்று யாராவது சொன்னால், எந்தப் பெரிய சோதனைக்கும் பணம் கட்டும் முன், இரண்டு கரோனரியும் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பார்த்துவிட்டீர்களா, ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேளுங்கள். பார்த்தோம் என்று சொன்னால் அதை ரிப்போர்ட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் முதல் ரிப்போர்ட்டில் கரோனரி பற்றி ஒரு வரி இல்லை.

கரோனரி மாறிப் பிறப்பதெல்லாம் இப்படி ஆபத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நூறு பேரில் ஒருவருக்குப் பக்கமாக ஏதாவது ஒரு மாற்றம் இருக்கிறது, பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தெரியவே தெரியாது. வேறு காரணத்துக்கு ஆஞ்சியோ எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும். ஆனால் சில பிள்ளைகளுக்கு ஒரு கரோனரி எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பி, மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு போகும். ஓடும்போது, விளையாடும்போதுதான் அது காட்டும். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மராவிச் 1988இல் விளையாடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்தார், நாற்பது வயது. பரிசோதனையில் அவருக்கு இடது கரோனரியே இல்லை என்று தெரிந்தது. அதனால் வளர்ந்த பிள்ளை மைதானத்தில் ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, ஓடினால் நெஞ்சு வலிக்கிறது என்றாலோ, வெயில், சாப்பிடவில்லை என்று தண்ணீர் தெளித்து அனுப்பிவிடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது வரும் மயக்கம் வேறு, ஓட்டத்தின் நடுவில் வரும் மயக்கம் வேறு.

மகன் இப்போது அங்கன்வாடிக்குப் போகிறான். வருடத்துக்கு ஒருமுறை எக்கோ, கொஞ்சம் பெரியவன் ஆனதும் ஓடவிட்டு எடுக்கும் ஈசிஜி ஒன்று பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் தாள், ஆபரேஷன் குறிப்பு, சிடி ஸ்கேன் சிடி எல்லாம் ஒரே ஃபைலில், போட்டோவாக எங்கள் இருவர் போனிலும் தம்பி போனிலும் இருக்கின்றன. ஃபைலில் முதல் தாளாக வைத்திருப்பது அவனுடைய சமீபத்திய ஈசிஜி. பழைய பாதிப்பின் கோடு கொஞ்சம் இன்னும் அதில் தெரியும், அவசரத்தில் புதிதாகப் பார்க்கிற டாக்டர் அதைப் புது மாரடைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அங்கன்வாடி டீச்சரிடமும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன், பின்பக்கம் எங்கள் டாக்டர் ஆஸ்பத்திரியின் எண்ணையும் எழுதி.